ஆலமரத்துக்குள் இரும்புத் தூண்

உங்களில் பாதிப் பேருக்காவது நான் குவெஸ்தூராப் பொலிஸ் நிலையத்தின் கண்ணாடி யன்னலுக்கு முன்னால் வாயாக நின்றிருக்கிறேன். வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க, பிள்ளை பிறந்ததைப் பதிய, தொலைந்த பாஸ்போட்டுக்காக அழுது கெஞ்ச. வெளியே வந்து படியில் நின்று நீங்கள் சிரிப்பீர்கள்: "இவள் ஒரு சொல்லையும் விடமாட்டாள், அவன் இருமினாலும் தமிழிலை சொல்லிப்போடுவாள்." எனக்கு மனிதர்கள் சொல்லும் சொல்லெல்லாம் பிடிக்கும், யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று கோத்து வைத்துக்கொள்வது என் பழக்கம். ஆனால் இந்தப் பாராட்டைக் கேட்டவுடன் எனக்கு ஓர் இரும்புத் தூண் ஞாபகம் வரும். ஏன் என்று இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. முழங்கால் இரண்டும் படியேற மறுக்கிற வயதாகிவிட்டது. இனிச் சொல்லலாம்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பலேர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் ஒரு அறையும் குசினியும். அப்பா, அம்மா, நான், சித்தப்பா. சித்தப்பா அப்பாவின் தம்பி. இரண்டு வருடம் முன்பு பேப்பர் இல்லாமல் வந்து சேர்ந்தவர். அவர் கிளம்பும்போது சித்தி வயிற்றில் இருந்த பிள்ளை, ஊரில், பேசாலையில் பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள். படம் எடுக்க வசதியில்லாத மாதங்களில் சித்தி ஒரு நூல் அனுப்புவா. பிள்ளையைச் சுவரோடு நிற்க வைத்து, உச்சியிலிருந்து குதிக்கால் வரை அளந்து வெட்டிய வெள்ளை நூல். சித்தப்பா கடிதத்தை வாசிக்க முதல் நூலை எடுத்துக் கதவு நிலையில் பிடித்துப் பார்ப்பார். "அண்ணி, இவள் என்ரை முழங்காலைத் தாண்டிட்டாள்!" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். பேப்பர் கிடைத்தால்தான் போய்ப் பார்க்கலாம். பேப்பர் இல்லாமல் போனால் திரும்பி வர முடியாது.

அந்த வருடம் சனத்தோரியா வந்தது. உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்: பேப்பர் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் சில மாதங்களுக்கு ஒரு வாசல் திறக்கும். "இவர் என்னிடம் வேலை செய்கிறார்" என்று ஒரு முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உள்ளே போகலாம். பிறகு வாசலை மூடிவிடுவார்கள்.

அப்பாவின் முதலாளி பகேரியாவில் ஒரு வக்கீல். இத்தாலியனில் அவ்வொக்காத்தோ என்பது எங்களுடைய அப்புக்காத்து மாதிரியே இருந்ததால் வீட்டில் அவர் பெயர் அப்புக்காத்தர். மஞ்சள் கல்லால் கட்டிய பழைய வீடு. அப்பா வீட்டு வேலை, சித்தப்பா கிழமையில் இரண்டு நாள் தோட்டம். அப்பாவின் இத்தாலியன் "சி சிஞ்ஞோரே, சுபித்தோ", அதாவது ஓம் ஐயா, உடனே, என்ற இரண்டு பதிலோடு முடிந்துவிடும். அதனால் வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா என்னையும் ரயிலில் கூட்டிப்போவார். நான்தான் வாய். சித்தப்பா எனக்கு வைத்த பட்டம் "அப்புக்காத்தம்மா".

அந்த வீட்டின் நிலவறையில் ஒரு ரயில் ஓடியது.

விளையாட்டு ரயில் என்று சொன்னால் அப்புக்காத்தருக்குக் கோபம் வரும். பலேர்மோவிலிருந்து பகேரியா வரை நான் வந்த அதே பாதையை, தரை வரை துணி தொங்கும் இடுப்பளவு உயரப் பலகை மேல், பதினைந்து வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சென்ட்ராலேயின் கூரை. மறுபக்கம் பகேரியா, நகக்கண் அளவு பெயர்ப்பலகையோடு. நடுவே எலுமிச்சைத் தோட்டங்கள், அதற்கப்பால் நீலக் கடல். ஈரச் சுண்ணாம்பும் இயந்திர எண்ணெயும் கலந்த ஒரு வாசம். பெட்டிகளுக்குள் மஞ்சள் வெளிச்சம் எரியும். உள்ளே அரிசியளவு மனிதர்கள் இருப்பார்கள். நான் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவேன்.

எலுமிச்சைத் தோட்டத்தின் நட்டநடுவில், ஆள் தொடை மொத்தத்தில், பச்சை மை பூசிய இரும்புத் தூண் ஒன்று முளைத்து நிலவறைக் கூரை வரை போனது. மேலே சாப்பாட்டறைத் தரை இறங்காமல் இருக்க எந்தக் காலத்திலோ நட்டது. அதை எடுத்தால் வீடு கீழே வரும். எடுக்காவிட்டால் அப்புக்காத்தரின் உலகத்தில் ஒரு பிழை நிற்கும். அப்பாவுக்கு ஊர்க் கோயிலில் கிறிஸ்மசுக்குப் பாலன் குடில் கட்டிய கை இருந்தது என்பதை நான் ஒரு நாள் பெருமைக்குச் சொல்லிவைத்தேன். அப்புக்காத்தர் அதைப் பிடித்துக்கொண்டார். வியாழன்தோறும் அப்பா தூணை மறைக்க வேண்டும்.

முதல் வியாழனே அப்பா என் தோளில் தட்டினார். "கேள் பிள்ளை. தம்பிக்கு ஒரு கையெழுத்து வேணும். இஞ்சை தோட்டத்திலை வேலை செய்யிறான் எண்டு எழுதித் தந்தால் காணும் எண்டு சொல்லு."

சொன்னேன். அப்புக்காத்தர் ஓர் இன்ஜினைக் கண்ணருகில் பிடித்து ஊசி நுனியால் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"முதலில் இந்தத் தூண் என் கண்ணிலிருந்து மறையட்டும். ஒன்றல்ல, பத்துக் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். தன் பகிடிக்குத் தானே சிரித்தார். பிறகு இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டுச் சாதாரணக் குரலில் சொன்னார்: "சும்மா சொன்னேன். அடுத்த வியாழன் பேப்பரைக் கொண்டுவரச் சொல். போட்டுத் தருகிறேன்." சொல்லிக்கொண்டே ரயிலை ஓட்டும் கறுப்புத் திருகியை என் பக்கம் திருப்பினார். "ஓட்டுகிறாயா?"

விரலை வைத்தேன். மெல்லத் திருப்பினேன். சென்ட்ராலேயிலிருந்து வெளிச்சமெல்லாம் ஒரு முறை நடுங்கிவிட்டுப் புறப்பட்டது.

"என்னவாம்?" என்றார் அப்பா.

இப்போது என் வாயைப் பாருங்கள். அதே வாய்தான், உங்களுக்குத் தெரிந்த வாய்.

"தூண் மறைஞ்சால் கையெழுத்து வைப்பாராம்."

"அவ்வளவுதானோ?"

"ஓம் அப்பா. அவ்வளவுதான்."

காரணம் கேட்பீர்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை, அதுதான் வெட்கம். அம்மா வியா மக்வேதாத் தெருப் பக்கத்துக் கட்டடங்களில் படி துடைத்தா. அன்று காலைதான் சொல்லியிருந்தா: "இந்தக் கையெழுத்து அலுவல் முடியட்டும். பிறகு வியாழக்கிழமையில நீ என்னோடை வா, வாளி தூக்க." கையெழுத்து முடிந்தால் எனக்கு வாளி. முடியாவிட்டால் ரயில். ஒரு வியாழன், இரண்டு வியாழன் கூடக் கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தேன். பதினொரு வயதுக் கணக்கு.

அப்பா அதை ஒரு நேர்த்திக்கடன் மாதிரி எடுத்துக்கொண்டார். அது நான் எதிர்பாராதது. மடு மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தவன் மெழுகுதிரி ஏற்றாமல் மறுபடி போய்க் கேட்கமாட்டான் அல்லவா? அப்படி. அம்மா உடுப்பு மடித்துக்கொண்டே சண்டை பிடிப்பா. "திரும்ப ஒருக்கால் வாயைத் திறந்து கேளுங்கோவன். இல்லாட்டி கோயில் சுவாமியாரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ, அவர் வேறை ஆரையும் பிடிச்சுத் தருவார்."

"விசர்க் கதை கதையாதை. ஒரு மனிசன் இதைச் செய், நான் அதைச் செய்யிறன் எண்டு சொல்லியிருக்கிறார். செய்யாமல் போய்க் கை நீட்டுறதோ? இன்னொருத்தரிட்டைப் போனால் இவருக்கு என்ன மரியாதை?"

"வாசலை மூடப்போறாங்களாம்."

"நீட்டுவாங்கள். போனமுறையும் நீட்டினவங்கள்."

கோயில் முற்றத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நீட்டுவாங்கள்.

முதலில் அப்பா புகைபோக்கி கட்டினார். மட்டையில் ஒவ்வொரு செங்கல்லாகக் கீறி, சிவப்பும் சாம்பலும் பூசி, ஒரு செங்கல் சூளையின் புகைபோக்கி. ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு விருந்தினர் வந்தார்கள். கோப்பை தூக்க நாங்கள் மூவரும் போயிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் அப்புக்காத்தர் எல்லோரையும் நிலவறைக்கு இறக்கினார். ஸ்டேஷன் மாஸ்டரின் பித்தளை விசில் ஒன்றை உயர்த்திக் காட்டினார். "இந்த அறையில் ஒரு தூண் ஒளிந்திருக்கிறது. கண்டுபிடிப்பவருக்கு இந்த விசில் ஊதும் உரிமை."

உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவர் நேரே போய்ப் புகைபோக்கியில் தன் மோதிரத்தால் தட்டினார். டங். எல்லோரும் கைதட்டினார்கள். விசில் ஊதினார். அப்பா காப்பித் தட்டோடு சுவரோரம் நின்று தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பு உங்களுக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் யாரோ ஒருவர் வீட்டில் சிரித்த சிரிப்பு.

அடுத்தது மலை. ஊரில் குடிலுக்குச் செய்வது போல, சீமெந்துப் பைத் தாளைக் கசக்கி, கோதுமை மாப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டினார். அப்பா மறந்தது ஒன்று: மார்கழியில் மூன்று கிழமை நிற்கிற குடில் அல்ல இது. சிசிலியின் குளிர்கால நிலவறை. பத்தே நாளில் மலைக்குத் தாடி முளைத்தது. வெள்ளைப் பூஞ்சணம், புளித்த தோசை மா மணம். அப்புக்காத்தரின் மனைவி சிஞ்ஞோரா மூக்கைப் பொத்திக்கொண்டு படியிலேயே நின்றா. விருந்தினரின் மகன் ஒருவன், என் வயதுதான், என்னருகில் வந்து காதோடு கேட்டான்: "எங்கே இருக்கிறது? சொல்லேன்."

நான் சொல்லவில்லை. கண்ணால் காட்டினேன்.

அவன் ஓடிப்போய் மலையின் விலாவில் விரலை விட்டான். ஈரத்தாள் கிழிந்து தொங்கியது. உள்ளே பச்சை இரும்பு. அவன் விசில் ஊதிய ஊதலில் சிஞ்ஞோரா காதைப் பொத்தினா. சித்தப்பா குனிந்து தரையில் விழுந்த தாளைப் பொறுக்கினார். எனக்கு இன்னும் சில வியாழன்கள் கிடைத்தன.

சித்தப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். ஞாயிறு காலை விடியும்போதே புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் ஏறுகிற அதே பாதைதான். அவர் ஏறியது மகளைக் கேட்டல்ல, பேப்பரைக் கேட்டுக்கூட அல்ல. "தூண் மறையவேணும் எண்டு கேட்டனான் பிள்ளை. அது மறைஞ்சால் மற்றதெல்லாம் தானா வரும்தானே." பிறகு கொப்புளக் காலை அப்பாவின் கறுத்தச் சப்பாத்துக்குள் திணித்துக்கொண்டு பகேரியாவுக்கு வந்து கோப்பை தூக்கினார். "இவன் ஏன் வாத்து மாதிரி நடக்கிறான்?" என்றாள் விருந்துக்கு வந்த ஒருத்தி. எல்லோரும் பார்த்தார்கள். சித்தப்பா என்னைப் பார்த்தார். "என்ன சொல்லுறா?" "உங்கடை சப்பாத்து நல்லாயிருக்காம்" என்றேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

மாசி மாதம் ஒரு வியாழன். அப்புக்காத்தர் கீழே வந்து, அப்பாவுக்கு முன்னாலேயே என்னிடம் கேட்டார். "அந்தப் பேப்பர் என்னாயிற்று? உன் அப்பாவுக்குத் தேவையில்லையா?"

"என்னவாம்?"

"தூண் எப்ப முடியும் எண்டு கேக்கிறார்."

"கெதியிலை எண்டு சொல்லு. கெதியிலை."

"பிரெஸ்தோ" என்றேன் அப்புக்காத்தரிடம். அது ஒன்றே இருவருக்கும் போதுமாக இருந்தது. நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று அன்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மரம் சித்தப்பாவின் யோசனை. பியாத்சா மரீனாத் தோட்டத்தில் அந்தப் பெரிய மரத்தின் கீழ் நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உங்களுக்குத் தெரிந்த மரம்தான், எங்கள் ஆலமரத்தின் ஒன்றுவிட்ட சகோதரம் போல விழுதெல்லாம் தரையில் ஊன்றி நிற்கும். சித்தப்பா வாயில் பாணோடு அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணை, இதிலை எது அடிமரம், எது விழுது? சொல்லுங்கோ பாப்பம்."

அப்பா பார்த்தார். எழுந்து சுற்றி வந்தார். "டேய்," என்றார், "ஒண்டை ஒளிக்கேலாது. நூறுக்குள்ளை விட்டால் ஆர் கண்டுபிடிக்கிறது?"

ஐந்து வியாழன் எடுத்தது. சணல் சாக்கைப் பிரித்து, தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு, திரித்துத் திரித்து விழுது செய்தார்கள். சில தென்னை ஈர்க்குச்சி மொத்தம், சில தூணளவு மொத்தம். இந்த முறை பசைக்குள் சித்தப்பா துரிசு கலந்தார். அப்புக்காத்தரின் தோட்டக் கொட்டிலில் கொடிக்கு அடிக்க வைத்திருந்த நீலக் கல். பூஞ்சணம் வரவில்லை. காய்ந்ததும் கல்லுப் போல இறுகி, மேலே மெல்லிய பாசிப் பச்சை படர்ந்தது. அப்பாவே கேட்காத அழகு அது. கூரையை இலைகள் மூடின. கடைசி நாள் சித்தப்பா சட்டைப்பையிலிருந்து மகளின் நூலை எடுத்தார். ஊரில் மரத்தில் நூல் கட்டி நேர்கிற மாதிரி ஒரு கிளையில் கட்டித் தொங்கவிட்டார். மற்ற விழுதுகளோடு அதுவும் ஒரு விழுது.

நான் ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தேன். நூல் தொங்கிய இடத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் ஆடியது.

அந்த ஞாயிறு பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். நொத்தாரிசு மோதிரத்தால் நாலைந்து விழுதைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் கட்டையாகத்தான் சத்தமிட்டன. அடிமரத்துப் பசை மூன்று விரல் தடிப்பு. அந்தப் பையன் என்னிடம் வந்தான். இந்த முறை நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் எனக்கே அலுத்துவிட்டது, அதுதான் உண்மை. அப்புக்காத்தர் வேறு கோட்டில் பாலம் கட்டப்போவதாகச் சொல்லியிருந்தார், அதற்கும் வாய் தேவைப்படும். பத்து நிமிடம். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அப்புக்காத்தர் விசிலை அப்பாவின் கையில் வைத்தார். அப்பாவுக்கு ஊதத் தெரியவில்லை. காற்று மட்டும் வந்தது. பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு. சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். "அப்புக்காத்தம்மா! வெண்டிட்டம்!"

வியாழக்கிழமை அப்பா கோயில் சட்டை போட்டுக்கொண்டார். சித்தப்பா தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துச் சீவியிருந்தார். பேப்பர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

அப்புக்காத்தர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். நிமிர்ந்தார். "இது சனிக்கிழமையோடு மூடியாயிற்றே" என்றார். "நீட்டவில்லை. நான் இரண்டு முறை கேட்டேனே. நீ இவர்களிடம் சொன்னாய்தானே?"

"சொன்னேன்" என்றேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். சொந்தத் தம்பிக்காக ஒரு பேப்பரைக் கொண்டுவர அலுப்புப்பட்ட மனிதனை எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி. அன்றிலிருந்து கடைசி வரை அப்பாவை அந்தப் பார்வையோடுதான் வைத்திருந்தார்.

"என்னவாம் பிள்ளை?"

"பிந்திப்போச்சாம். சனிக்கிழமை மூடிட்டாங்களாம்."

சித்தப்பா பேப்பரை உறைக்குள் திரும்ப வைக்கப் பார்த்தார், அது உள்ளே போகாமல் மடங்கியது. படியில் மடித்த மேசைத் துணிகளோடு நின்ற சிஞ்ஞோரா தலையை ஆட்டினா. "ஒரு கையெழுத்து, ஒரு நிமிட வேலை. முதல் நாளே நீட்டியிருந்தால் முதல் நாளே போட்டிருப்பார். என்ன மனிதர்கள் இவர்கள்!"

அப்பா என்னைப் பார்த்தார். "சிஞ்ஞோரா என்ன சொல்லுறா?"

"மரம் நல்ல வடிவாம்."

அப்பா நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து, "கிராத்சியே, சிஞ்ஞோரா" என்றார். சித்தப்பாவும் மடங்கிய பேப்பரோடு நின்று "கிராத்சியே" என்றார். சிஞ்ஞோரா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேலே போனா.

அடுத்த சனத்தோரியா வர வருடக்கணக்கானது. சித்தப்பா பேப்பர் இல்லாமல் படி துடைத்தார், நாய்களை நடக்கக் கூட்டிப்போனார், கிழவர்களுக்குக் குளிக்க வார்த்தார். நூல்கள் வந்துகொண்டே இருந்தன. பிறகு நூல் கதவு நிலையில் அவருடைய நெஞ்சுக்கு மேல் வந்தபோது சித்தி அனுப்புவதை நிறுத்திவிட்டா. அவர் கடைசியில் ஊருக்குப் போய் இறங்கியபோது மகளுக்குப் பதினொரு வயது. வாசலில் நின்றவரைப் பார்த்து, "அங்கிள், அம்மா உள்ளை நிக்கிறா, கூப்பிடட்டோ?" என்று கேட்டாளாம். இதையும் அவர் பகிடியாகத்தான் சொல்லுவார். பதினொரு வயது என்கிற இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர் பிறகு இங்கே திரும்பி வரவில்லை.

அப்பா சாகும்வரை அப்புக்காத்தரைக் குறை சொல்லவில்லை. தன் கையைத்தான் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரல்களை விரித்துப் பார்த்து, "இது கொஞ்சம் கெதியாய் ஓடியிருந்தால், ஒரு கிழமை முந்தி முடிச்சிருப்பன்" என்றார். நான் பக்கத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக் கொடுத்தேன்.

போன மாதம் உங்களில் ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள். புது முதலாளியோடு சம்பளம் கதைக்க வாய் வேண்டும் என்று. பகேரியா. மஞ்சள் கல் வீடு. அப்புக்காத்தரும் சிஞ்ஞோராவும் எப்போதோ போய்விட்டார்கள். இப்போது சுற்றுலாக்காரருக்கு அறை விடுகிறார்கள். பெட்டிகள் வைக்கும் இடம் என்று அவள் நிலவறைக் கதவைத் திறந்தாள். பலகை இல்லை, தண்டவாளம் இல்லை, கடல் இல்லை. வெறும் சீமெந்துத் தரை. இடுப்பளவு வரை பச்சை இரும்பு, அதற்கு மேலே மரம் மட்டும் நின்றது. "உளியாலையும் அடிச்சுப் பாத்தவையாம் அக்கா, கழரேல்லையாம்" என்றாள் அவள். கீழே பாதி உடைந்த விழுதுகள் அந்தரத்தில் தொங்கின. தூசியை ஊதி ஊதிப் பார்த்தேன். ஒன்று சணல் இல்லை. பருத்தி.

கையடக்கத் தொலைபேசியில், கீழே இரும்பு விழாமல், மரத்தை மட்டும் ஒரு படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒன்றும் எழுதவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது அவருடைய குரல்பதிவு வந்தது. யன்னலுக்கு வெளியே எலுமிச்சைத் தோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. காதில் வைத்துக் கேட்டேன்.

"அட, அண்ணையின்ரை மரம்! அப்பிடியே நிக்குதே! மகளுக்கும் காட்டினனான். அது சரி, தூண் எங்கை பிள்ளை? நானும் படத்தைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாக்கிறன், தெரியேல்லை. கட்டினவனுக்கே தெரியேல்லை எண்டால் பாரன்." நீளமாகச் சிரித்தார், இருமினார், மூச்சு வாங்கினார். "உனக்குத் தெரியும்தானே. நீயாவது சொல்லன்."